வெறும் பிராக்டிகல்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன கத்தோலிக்கக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் ஒன்று எடுக்க வேண்டுமென்றால் சாம்பிளோடு திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். வெறும் பிராக்டிகல் எடுத்தே காலம் போய்விடுமோ? ஆய்வுக்காக வேறு இடம் பார்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் குலசேகரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் ரப்பர் பால் டிஷ்ஷில் உறைந்துகொண்டிருந்தது. ஃபார்மிக் ஆசிட் நெடி மூக்கில் ஏறியதுமே என் கெமிஸ்ட்ரி சார் நினைவுக்கு வந்தார். வீடு திரும்பினால் உங்கள் கடிதம்.

வேறு இடம் போவது உங்கள் விருப்பம். பேப்பர், பாயின்ட் கணக்கெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் அதென்ன, 'வெறும்' பிராக்டிகல்? 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டை, அதாவது தோரியம் உள்ள கனிமத்தை, கண்டுபிடித்ததே, இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான். மற்றவர்கள் உதறிவிட்டுப் போயிருப்பார்கள்.

நானும் உதறியவன்தான். சார் ஒருநாள் வீட்டு ரப்பர் பாலைக் கொண்டுவரச் சொன்னார். உறையாமலிருக்க அதில் விட்ட அமோனியா எவ்வளவு என்று டைட்ரேட் செய்து அளக்க வேண்டும். நிறம் மாறிக் காட்டும் மெதில் ரெட் சாயம் போட்டு ஆசிட்டைச் சொட்டவிட்டால், நிறம் மாறுவதற்குள் பால் கட்டிபிடித்துவிட்டது. பயந்துபோய்க் கட்டியை சிங்க்கில் தள்ளிவிட்டு, பக்கத்துப் பையனின் ரீடிங் 8.6ஐ ரெக்கார்டில் எழுதினேன்.

சிங்க் அடைத்துக்கொண்டது. சார் கையை விட்டு எடுத்தார். "இது ஆருக்க மக்களே?"

கள்ளக்கணக்கு எழுதியதற்குக் காய்ச்சி எடுத்தவர், அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்தார். ரப்பர் துகளைச் சுற்றிய புரதத்தில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால்தான் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. ஆசிட் அதைத் தணித்தால் ஒட்டிக்கொள்ளும். சரி, ஒட்டவிடாமல் டைட்ரேட் செய்வது எப்படி? சலவை சோப்பு கலந்தோம். ஆசிட் சோப்பையே முறித்துவிட்டது. இரண்டு மாதம், வேறு வேறு சோப்பு. தோற்றதையெல்லாம் தேதி போட்டு எழுதவைத்தார். அந்த லேபில் இருந்தது ஆசிட்டை அளந்து சொட்டவிடும் பியூரெட்டும் ஓட்டைத் தராசும்தான். அது ஆராய்ச்சி இல்லையென்றால் வேறு எது?

உங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே ரீடிங் வருகிறதா? வந்தால் அங்கே களவு நடக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள். திருவனந்தபுரம் மெஷினிலும் அப்புறம் அதே 8.6தான் வரும். கோபப்படாதீர்கள், உங்கள் மேல் பிரியம் உள்ளதால்தான் திட்டுகிறேன்.

சனிக்கிழமை மார்த்தாண்டம் வருகிறேன். லேபைத் திறந்துவையுங்கள், சிங்க்கைப் பார்க்க வேண்டும்.