எல்லாச் சொத்தையும் விற்றுக் கொடுத்தால்தான் இயேசுவின் சீடராக முடியுமா?

இல்லை. பணக்காரத் தலைவன் ஒருவனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு, வரி வசூலிக்கும் பணக்காரனான சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தபோது அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் (லூக்கா 18, 19).

ஆதிச் சபையில் நிலத்தை விற்றுக் காணிக்கை கொண்டுவந்த அனனியா தண்டிக்கப்பட்டானே என்பார்கள். நிலத்தை விற்காதிருக்கவும், விற்ற பணத்தை வைத்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமை இருந்ததை, இயேசுவின் சீடரான பேதுருவே சொல்கிறார் (அப்போஸ்தலர் 5:4). ஒரு பங்கை ஒளித்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டியதுதான் குற்றம். இந்த வசனத்தை விட்டுவிட்டு, பயமுறுத்திக் காணிக்கை கேட்பது பெரிய அநியாயம்.

நடைமுறைக்கு, சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் சொன்ன வழி நல்லது: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாக எடுத்து வைப்பது (1 கொரிந்தியர் 16:2). மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இருப்பதற்கு ஏற்பவே கணக்கு (2 கொரிந்தியர் 8:12). வாங்குகிறவர்களுக்கும் ஒழுங்கு உண்டு. எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்கான உதவிப் பணத்தில் எவரும் குறை சொல்லாதபடி, அதைக் கொண்டுசெல்லச் சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் பவுல் சேர்த்துக்கொண்டார்.