ஆயில் மாற்றும்போது ஃபில்டரை விட்டுவிடலாமா?

வணக்கம் நண்பரே. சென்ற தடவை ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு, டப்பா மாதிரி இருக்கும் ஆயில் ஃபில்டர் இன்னொரு சுற்று தாங்கும் என்று மெக்கானிக் விட்டுவிட்டதாகவும், இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஃபில்டரை உடனே மாற்றிவிடுங்கள்.

உள்ளே காகித மடிப்பு மட்டும் இல்லை. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வும் உண்டு. சூட்டில் வெந்து வெந்து அது விறைத்துப்போகும்; இரவெல்லாம் ஆயில் இறங்கிவிட்டால், காலையில் அது மறுபடி மேலே ஏறும்வரை அந்தச் சத்தம் வரும். என் காரில் கழற்றிய பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். வளைய வேண்டிய ரப்பர், பொரித்த அப்பளம் மாதிரி ஒடிந்தது. சிலிக்கோன் வால்வு என்றால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்.

நம் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கணக்கையும் பாருங்கள். எது முந்தியோ அது.

மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், இருந்தால் ஆயில் ஒழுகும். புது வளையத்தில் துளி ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். அப்புறமும் சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் என்ற சங்கிலியை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.