சாப்பாட்டை மாற்றினால் நாய் அடங்குமா?

கேள்வி (காட்பாடி வாசகர்): எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது, எடை 30 கிலோ. 35 நாள் குட்டியாக வாங்கினோம். காலையில் பாலும் குளுக்கோஸ் பிஸ்கட்டும், ராத்திரி சாதத்தில் கோழித் தோல் வேகவைத்த தண்ணீரை ஊற்றியும் கொடுக்கிறோம். காலையில் ஒரே குரைப்பு, குதிப்பு, கையைக் கவ்வுகிறான். சாயங்காலம் வாக்கிங் கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. கறி போட்டால் வெறி வரும் என்கிறார் மாமனார். குட்டியை வாங்கித் தந்த புரோக்கர் புரோட்டீன் பவுடர் போடச் சொல்கிறார். எது சரி?

பதில்: முதலில் அந்தப் பவுடரை வாங்காதீர்கள். நாய் விற்றவரே சத்துமாவும் டானிக்கும் விற்கிறார் என்றால் அவர் பார்ப்பது உங்கள் நாயை அல்ல. டப்பாவில் புரதம் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் சாப்பிடும் பவுடரைக் கொஞ்சம் போடலாமே என்று சிலர் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி ஈரலையும் கெடுத்துவிடும். கடையில் மூட்டையைப் பிரித்து லூஸில் கட்டித்தரும் உலர்ந்த நாய்த் தீனியும் (டிரை ஃபுட்) வேண்டாம். காற்றுப் பட்டு அதிலுள்ள கொழுப்பு சிக்கடித்துப் போயிருக்கும், தேதியும் தெரியாது, கம்பெனியும் தெரியாது.

சரி, தட்டுக்கு வருவோம். உங்கள் நாய் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறது, ஆனால் சத்து ஏறவில்லை. 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராம்கூட இல்லை, கோழித்தோல் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 60 கிராம் அளவுக்காவது புரதம் வேண்டும். அதற்கு எலும்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி 150 கிராம், முட்டை இரண்டு, சோறு அரை கிலோவுக்குள், கொஞ்சம் கேரட்டோ பூசணியோ, ஒரு கரண்டி தயிர், இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். உப்பு, மசாலா சேர்க்க வேண்டாம். சோற்றுக்குப் பதில் சில நாள் கேழ்வரகுக் களியும் கொடுக்கலாம். கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, அதனால் முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மாவாக அரைத்து தினம் அரை முதல் முக்கால் டீஸ்பூன் கலந்துவிடுங்கள். மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடுதான் என்றால் வைட்டமின், தாது உப்புக்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

கறி தின்றால் வெறி வராது. கறி தின்னும்போது கிட்டே போனால் உறுமுகிறதே என்பார்கள். பிடித்த பொருளை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் வரும் உறுமல் அது, சாப்பிட்டு முடித்ததும் போய்விடும். உங்கள் வீட்டுக் காலை ஆர்ப்பாட்டத்துக்கும் கறிக்கும் சம்பந்தமில்லை. அவன் குரைக்கிறான், சத்தம் தாங்காமல் யாரோ ஒரு பிஸ்கட் போடுகிறீர்கள், அப்புறம் அடுத்த பிஸ்கட்டுக்காக இன்னும் உரக்கக் குரைக்கிறான். இப்படிப் பத்துப் பிஸ்கட் போனால் அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியில் ஆறில் ஒரு பங்கு வெறும் மாவிலும் சர்க்கரையிலும் முடிந்துவிடுகிறது. பாலையும் நிறுத்திப் பாருங்கள், வளர்ந்த நாய் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிறு உப்பினால் எந்த நாயும் ஓரிடத்தில் இருக்காது.

கையைக் கவ்வுவது வேறு கதை. கடித்தால் வலிக்கும் என்று குட்டி தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும்தான் கற்றுக்கொள்ளும், 35 நாளில் பிரித்துவிட்டால் எங்கே கற்கும்? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாகிவிட்டது. கேட்க ஆளில்லாததால் புரோக்கர்கள் பால்குடி மறக்காத குட்டியை இன்றும் கூடையில் வைத்து விற்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது.

சாயங்காலச் சோர்வைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஏப்ரல், மே வெயிலில் வேலூர்ப் பக்கம் எந்த நாயும் அஞ்சு மணிக்கு நடக்காது, தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும். காலை ஏழுக்கு முன்னும் பொழுது சாய்ந்தும் சாப்பாடு, நடை இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் எழுந்திருக்கவில்லை என்றால் எந்தச் சாப்பாடும் உதவாது, உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலா என்று பார்த்தாக வேண்டும். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டையின் அடி, கால் விரல்களின் இடுக்கு, இந்த மூன்று இடத்திலும் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். உண்ணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர், 103-க்கு மேல் காய்ச்சல், இதில் எது இருந்தாலும் அப்படித்தான். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைத் தேய்த்துப் பார்க்கும் சோதனையும் கேளுங்கள். முதல் தடவை தகட்டில் கிருமி தெரியாவிட்டாலும் தட்டணு குறைந்திருந்தால் விடாதீர்கள். நாலு வாரம் மாத்திரை எழுதினால் நாலு வாரமும் கொடுங்கள், பலர் நாய் வாலாட்டியதும் நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் திரும்ப வந்து நிற்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் நாயோடு நின்று, ரத்தச் சோதனைக்குத் தனியார் லேபுக்குப் போகச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும், அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வாங்கினால் மிச்சத்தை அவன் தட்டில் கொட்டாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனாலும் சோர்ந்து படுக்கும். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

புதுச் சாப்பாட்டை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். அவசரப்பட்டால் கழிச்சல் போகும், உங்கள் மாமனார் பழியைக் கறி மேல் போட்டு மறுபடியும் பழைய பாலுக்கும் சாதத்துக்குமே திரும்பச் சொல்வார்.