சுக்கானைக் கழற்றும் காலம்: வாசகர் கேள்விகள்

வட அமெரிக்க ஏரிகள் குளிர ஆரம்பித்ததும் கடிதங்கள் ஒரே பக்கம் சாய்ந்துவிடுகின்றன. இந்தத் தடவை வந்ததில் பாதிக்கு மேல் கேட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) சுக்கானைப் பற்றியவை. பெரும்பாலும் ஹோபி, கொஞ்சம் நாக்ரா நிறுவனப் படகுகள்.

ஹோபி 16 வைத்திருக்கிறேன். டிரெய்லரில் ஏற்றும் முன் சுக்கான்களைக் கழற்றவே அரை மணி நேரம் போகிறது. சுலபமாக்க வழி உண்டா? (மிச்சிகன்)

நேரம் போவது இரண்டு இடங்களில். ஒன்று இரண்டு சுக்கான்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டான கிராஸ்பார், இன்னொன்று சுக்கானைப் படகோடு பிணைக்கும் கம்பியான பின்னில் (pin) மாட்டியிருக்கும் சின்ன வளையம். வளையத்தின் கதை பின்னால் வருகிறது. டில்லரும் (சுக்கானைத் திருப்பும் தண்டு) கிராஸ்பாரும் சேரும் இடத்தில் போல்ட்டும் நட்டும் இருந்தால் தூக்கிப்போடுங்கள். அதே தடிமனில் பொத்தானை அமுக்கினால் விடுபடும் ஸ்டெயின்லெஸ் குவிக் பின் கிடைக்கும். இந்த இடத்துக்கு அது தாராளமாகப் போதும். மணல் புகுந்தால் உள்ளே இருக்கும் குண்டு சிக்கிக்கொள்ளும், அதனால் நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள். கிராஸ்பார் தனியே வந்துவிட்டால் ஒவ்வொரு சுக்கானும் ஒற்றை ஆள் வேலை, மொத்தம் ஐந்து நிமிடம்.

இரண்டையும் கிராஸ்பாரோடு சேர்த்து ஒரே மூச்சில் தூக்க நினைக்காதீர்கள். படகு கிட்டத்தட்ட 8 அடி அகலம். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தரையில் இடிக்கும், இடிபடுவது சுக்கானின் மெல்லிய பின்விளிம்பாகத்தான் இருக்கும். அப்புறம், கிராஸ்பாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் கை வைக்க வேண்டாம். அங்கே கழற்றினால் இரண்டு சுக்கான்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி செய்திருந்த அமைப்பு கலைந்துவிடும். வசந்தத்தில் மறுபடி அளவு நாடாவோடு உட்கார வேண்டியிருக்கும்.

ட்ரான்ஸமில் (படகின் பின்முகம்) இருக்கும் கட்ஜனையே (பின் சொருகும் துளையுள்ள பிடிப்பான்) கழற்றிவிட்டால்? (டொராண்டோ)

வேண்டாம். திருகைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் துளை தளரும், தண்ணீர் உள்ளே போகும்.

சுக்கானின் பலகையை மட்டும் கழற்றினால் போதாதா? நடு போல்ட்டுக்கு, விரலால் திருகும் காது வைத்த விங் நட் போடலாமா? (நியூ ஜெர்சி)

கழற்றலாம், ஆனால் பலகை ஆடாமல் நிற்பதே அந்த போல்ட்டின் இறுக்கத்தில்தான். அங்கே இருப்பது நைலான் வளையம் வைத்த நட். திரும்பத் திரும்பக் கழற்றினால் அதன் பிடி போய்விடும். விங் நட்டின் காதில் கயிறு மாட்டிக்கொள்ளும், இறுக்கமும் நிற்காது. பலகையைத் தாங்கும் உலோக வார்ப்போடு சேர்த்துக் கழற்றுங்கள்.

ஸ்ப்ளிட் ரிங்கை (பின் கழலாமல் பிடிக்கும் சின்ன வளையம்) மாட்டி எடுப்பதற்குள் நகம் பிய்ந்துவிடுகிறது. ஹார்டுவேர் கடையில் நீளமான போல்ட் வாங்கி, பின்னுக்குப் பதிலாக மேலிருந்து சொருகிவிட்டேன். தலை மேலே இருப்பதால் விழ வழியில்லை. ஒரு சீசன் ஓட்டியாயிற்று, பிரச்சினையே இல்லை. மற்றவர்களுக்கும் சொல்லுங்களேன். (ஹூஸ்டன்)

சொல்கிறேன், செய்யாதீர்கள் என்று. வருடத்துக்கு ஒருவராவது இதைப் புதிதாகக் கண்டுபிடித்து எழுதிவிடுகிறார்.

போல்ட்டின் தலை மேலே இருப்பது படகு நிமிர்ந்திருக்கும் வரைக்கும்தான். பீச் கேட்டமரான் கவிழக்கூடிய படகு. சட்டென்று நிமிர்த்தாவிட்டால் மாஸ்ட் (பாய்மரம்) நேர் கீழே போய் முழுத் தலைகீழாகும். அப்போது உங்கள் போல்ட்டின் தலை கடலடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அலை நாலு ஆட்டு ஆட்டினால் போல்ட் நழுவிப் போய்விடும். சுக்கான் கிராஸ்பாரில் தொங்கிக்கொண்டு ஹல்லில் (படகின் உடல்) மோதும். நீங்கள் தண்ணீரில் கிடந்து நிமிர்த்தும் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பீர்கள், பின்பக்கம் நடப்பது கண்ணில் படாது. ஒரு சீசன் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த சீசனில் படகு முழுசாகக் கவிழவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

அடுத்தது மரை. கட்ஜன் துளைக்குள் மரை ஓடினால் அரம் போட்டு ராவுகிற மாதிரிதான். முதலில் துளைக்குள் இருக்கும் நைலான் குழாயான புஷ் போகும், பிறகு துளை நீள்வட்டமாகும். வேகம் பிடித்ததும் சுக்கான் கடகடவென்று ஆட, டில்லரில் பாதித் திருப்பம் அந்த ஆட்டத்திலேயே செலவாகும். அதன்பின் துளையைப் பெரிதாக்கிப் புது புஷ் இறக்க வேண்டியதுதான். போல்ட்டில் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு, சாதாரணக் கடை போல்ட் துத்தநாகம் பூசின இரும்பு. உப்புத் தண்ணீரில் அந்தப் பூச்சு ரொம்ப நாள் தாங்காது.

செய்ய வேண்டியது இதுதான்: 316 ஸ்டெயின்லெஸ்ஸில் மரையில்லாத வழுவழுப்பான பின், துளைக்குச் சரியாகப் பொருந்தும் தடிமன். வளையம் பிடிக்காவிட்டால் பின்னின் அடியில் இருக்கும் துளையில் ஹேர்பின் கிளிப் போடுங்கள், விரலால் இழுத்தால் வந்துவிடும். அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, இல்லாவிட்டால் மெயின்ஷீட் (பெரிய பாயை இழுக்கும் கயிறு) சிக்கி இழுத்துவிடும். கிளிப்பையும் பின்னையும் மெல்லிய கயிற்றால் கட்ஜனோடு கட்டி வைத்தால் மணலில் தேட வேண்டியதில்லை. குவிக் பின்னை இங்கே போடாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு நூல் தளர்வாகவே உட்காரும்.

பின் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய? (சிட்னி)

என்ன படகு, எந்த வருடத்துப் படகு, கடலா ஏரியா, ஒன்றும் எழுதவில்லை. சிட்னி என்பதால் கடல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஸ்டெயின்லெஸ் பின், அலுமினிய வார்ப்பு, இடையில் உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இரண்டையும் கவ்விக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நேராக இழுக்காமல் இப்படியும் அப்படியும் திருகுங்கள். சுத்தியலால் பின்னை நேரடியாக அடித்தால் முனை பூத்துப்போய் ஜென்மத்துக்கும் வெளியே வராது, இடையில் மரக்கட்டை வையுங்கள். வெளியே வந்ததும் லானோலின் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வளையத்தை மறக்காதீர்கள்.

பக்கத்து ஏரிக்குத்தான் போகிறோம், 20 மைல். சுக்கானைத் தூக்கிக் கட்டிவிட்டால் போதுமா? (டல்லாஸ்)

போதாது. மேலே மடங்கிய சுக்கான் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அதன் கனம் முழுவதும் கட்ஜன் திருகுகளைத்தான் பிடுங்கும். கயிறு அறுந்தால் பலகை தார்ச்சாலையில் தேயும். டிரெய்லர் விளக்கை மறைக்கும் ஆபத்து வேறு. பின்னால் 4 அடிக்கு மேல் எது நீட்டினாலும் சிவப்புத் துணி கட்டச் சொல்லும் மாநிலங்கள் பல உண்டு. ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு யோசனை எதற்கு?

கழற்றிய சுக்கானைக் குளிர்காலம் முழுக்க எங்கே வைப்பது? காரின் பின்சீட்டில் கிடக்கிறது. (அட்லாண்டா)

உங்களுடையது பிளாஸ்டிக் சுக்கானாக இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மூடின காரில் வெயில் ஏறினால் பலகை வளையும், வளைந்ததை நிமிர்த்துவது லேசு இல்லை. பழைய துண்டில் சுற்றி, சமதளத்தில் படுக்க வையுங்கள், அல்லது செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இடது சுக்கானில் சிவப்பு டேப், வலதில் பச்சை. பலகையின் துளை அதனதன் வார்ப்புக்கேற்பப் போட்டிருப்பார்கள், மாற்றி மாட்டினால் பொருந்தாமல் போகலாம். பின்களையும் வளையங்களையும் உறையில் போட்டு அந்தந்தச் சுக்கானோடேயே கட்டுங்கள். வளையம் நாலு உபரியாக வாங்கி வையுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.