கடை விறாந்தையில் படுக்கும் ஐயா

கேள்வி: கிளிநொச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சில மாதங்களாக ஒரு ஐயா இரவில் எங்கள் விறாந்தையில் படுக்கிறார். அறுபது தாண்டியிருக்கும். காலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து தோட்ட வேலைக்கு ஏற்றிப் போகிறார். பொழுதுபட சோற்றுப் பார்சலும் கொஞ்சம் கசிப்பும் (கள்ளச் சாராயம்) கொடுத்து இறக்கிவிடுகிறார். சம்பளம் இல்லை. காலில் உள்ள புண்ணுக்கு மேல் சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். முதியோர் இல்லம் என்றாலே முகத்தைத் திருப்புகிறார். பொலிஸுக்குச் சொல்லட்டுமா?

பதில்: அன்புத் தங்கைக்கு, ஐயா எங்கே படுக்கிறார் என்பதைவிட, அவரை ஏற்றிப் போகிறவர்தான் எனக்குப் பெரிய கவலை. சோறும் கசிப்பும் கொடுத்து வேலை வாங்குவது சுரண்டல். ஆனால் நீங்கள் தனியாகப் போய் அந்த ஆளோடு வாய்கொடுக்காதீர்கள். ஐயாவை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் உங்கள் கண்ணுக்கும் எட்டாது. அவர் வரும் திகதியையும் வண்டி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

முதலில் கால். அரச ஆஸ்பத்திரியில் மருந்துகட்டக் காசு தேவையில்லை. சலரோகம் இருந்தால் இப்படியான புண்ணால் காலே போகலாம். அதனால் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ பேச்சு தடுமாறினாலோ அவர் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இல்லத்துக்குப் போக மறுப்பது வேறு. தெளிவாக இருக்கிற ஒருவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. ஏன் வேண்டாம் என்று ஆறுதலாகக் கேளுங்கள். 2009க்குப் பிறகு முகாம் வாழ்க்கையைக் கண்ட எத்தனையோ பேருக்கு, பூட்டுப் போட்ட கேற்றைக் கண்டாலே நெஞ்சு இறுகும்.

சொந்த ஊரையும் கேளுங்கள். முல்லைத்தீவுப் பக்கமோ எங்கேயோ ஏதாவது ஒரு கிராம அலுவலரிடம் அவருடைய பதிவு இருக்கலாம். அது கிடைத்தால் அடையாள அட்டை எடுக்கலாம், அட்டை இருந்தால் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அவரைக் கூட்டிக்கொண்டே போங்கள். அவருக்குத் தெரியாமல் அவர் கதையை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். ஊரில் காணிப் பெர்மிற் இருந்தால், யார் கேட்டாலும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள் என்று அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

சரி, பொலிஸ். ‘ஒருவர் கடை வாசலில் படுக்கிறார்’ என்று போகாதீர்கள். வீடில்லாதவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தோடு வந்த பழக்கம், இன்னும் விட்டுப்போகவில்லை. ஐயா சம்மதித்தால், சம்பளம் தராமல் வேலை வாங்குவதை முறையிடுங்கள். அதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

இன்னொன்று. குடியை உடனே நிறுத்தினால்தான் படுக்க இடம் என்று சொல்லிவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். புண்ணுக்கு மருந்துகட்டப் போகும்போது டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.