எந்த மேட்ச் எந்த சேனலில்? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): சார், 2025 ஐபிஎல் நேரத்தில் என் பையன் சொன்னான் என்று ஒரு செயலிக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். இனிமேல் கிரிக்கெட் எல்லாம் இதில்தான் வரும் என்றான். செப்டம்பரில் ஆசியக் கோப்பை வந்தபோது அதில் ஒரு மேட்ச் கூட வரவில்லை, வேறு செயலிக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டிய காசைத் திரும்பக் கேட்கலாமா? ஒரே ஆட்டத்துக்கு எத்தனை பேருக்குத்தான் கட்டுவது?

பதில்: அம்மா, காசு திரும்பக் கிடைப்பது கஷ்டம். "எல்லா கிரிக்கெட்டும் எங்களிடம்" என்று அந்த நிறுவனம் விளம்பரத்திலோ பணம் கட்டும் பக்கத்திலோ எழுதியிருந்தால் அதை ஆதாரமாக வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். எழுதவில்லை, நாமே அப்படி நினைத்துக் கட்டிவிட்டோம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பையனைத் திட்டாதீர்கள், இந்த விஷயத்தில் பெரியவர்களே குழம்பித்தான் போகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், கிரிக்கெட் மொத்தமாக ஒரே இடத்தில் விற்கப்படுவதில்லை. இந்தியாவில் நடக்கும் இந்திய அணியின் ஆட்டங்களையும் ஐபிஎல்லையும் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ விற்கிறது. உலகக் கோப்பையை சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி விற்கிறது. ஆசியக் கோப்பை ஆசிய கிரிக்கெட் கவுன்சிலின் சொத்து, அதன் உரிமையை 2024 முதல் 2031 வரை சோனி வாங்கி வைத்திருக்கிறது. நம் அணி இங்கிலாந்துக்குப் போனால் விற்பது இங்கிலாந்து வாரியம். 2025-ல் அந்த டெஸ்ட் தொடர் டிவியில் சோனியில் வந்தது, செல்போனில் ஜியோஹாட்ஸ்டாரில் வந்தது. ஒரே தொடர், கூடத்தில் ஒருவர், கையில் இன்னொருவர்! இதைப் பார்த்த பிறகும் யாராவது "இந்த ஒரு பேக் போதும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

விலை எப்படி ஏறியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பணம் கடைசியில் நம்மிடமிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும்தான் திரும்ப எடுக்கப்படுகிறது. 2017 செப்டம்பரில் ஐபிஎல்லின் ஐந்து வருட உரிமைக்கு ஏலம் நடந்தது. இந்திய டிவிக்கு மட்டும் சோனி 11,050 கோடி கேட்டது, இணையத்துக்கு மட்டும் ஃபேஸ்புக் 3,900 கோடி கேட்டது. தனித்தனியாக வந்த மிக உயர்ந்த தொகைகளையெல்லாம் கூட்டினால் 15,819.51 கோடி. ஸ்டார் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாக 16,347.50 கோடி எழுதிக் கொடுத்திருந்தது, அந்த 528 கோடி வித்தியாசத்தில் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டது. அடுத்து 2022 ஜூனில் பிசிசிஐ டிவியையும் இணையத்தையும் பிரித்து மின் ஏலம் விட்டது. டிவி 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாருக்கும், இந்திய இணைய உரிமை 20,500 கோடிக்கு வயாகாம்18-க்கும் போயின, மற்ற பிரிவுகளும் சேர்ந்து மொத்தம் 48,390 கோடி. டிவியும் இணையமும் சேர்ந்து ஒரு மேட்சுக்கு 107.5 கோடி ஆகிறது. நாற்பது ஓவரும் முழுதாக வீசப்பட்டால் ஒரு பந்துக்குச் சுமார் 45 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது.

அந்த இரண்டு கம்பெனிகளும் மோதிக்கொண்ட வரைக்கும் நமக்கு நல்ல காலம். 2023 ஐபிஎல்லை வயாகாம்18-ன் ஜியோசினிமா செயலி இலவசமாகக் காட்டியது. பதிலுக்கு டிஸ்னி ஸ்டாரின் ஹாட்ஸ்டார் அதே வருடம் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் செல்போனில் இலவசமாகத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது, முழு ஐபிஎல்லும் இலவசம் என்ற காலம் முடிந்தது. கம்பெனிகளுக்கு இடையே வியாபாரப் போட்டி குறையாமல் பார்த்துக்கொள்ளும் இந்தியப் போட்டி ஆணையம் நிபந்தனைகளோடுதான் இணைப்புக்கு அனுமதி கொடுத்தது, ஆனாலும் பார்க்கிறவனுக்கு இருந்த பேரம் பேசும் பலம் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிர்க்கடை மூடியபின் எந்தக் கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பார்?

சரி, இனி என்ன செய்யலாம்? வருடச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையில் உட்கார்ந்து பார்க்கப்போவது எந்தத் தொடர் என்று முதலில் பாருங்கள், அதன் உரிமை யாரிடம் என்று பாருங்கள், அப்புறம் அந்தக் காலத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு 149 ரூபாய்த் திட்டம் செல்போனுக்கு மட்டும், 299 ரூபாய்த் திட்டத்தில் டிவியிலும் பார்க்கலாம். இந்த விலைகள் மாறும், கட்டும் அன்று செயலியிலேயே பாருங்கள். 149 கட்டிவிட்டு டிவியில் வரவில்லை என்று எழுதியவர்கள் போன சீசனில் நிறையப் பேர். அப்புறம், "விளம்பரம் இல்லை" என்று கூடுதலாக வாங்கும் பிரீமியம் திட்டத்திலும் நேரலை ஆட்டத்தில் விளம்பரம் வரும், அந்த நம்பிக்கையில் அதிகம் கட்ட வேண்டாம். உங்கள் செல்போன் ரீசார்ஜிலேயே சந்தா சேர்ந்து வருகிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், 2025 ஐபிஎல் நேரத்தில் ஜியோ 299 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ரீசார்ஜ்களோடு 90 நாள் அப்படிக் கொடுத்தது. தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா மட்டும் வைத்திருப்பவர்கள் படத்தின் தரத்தைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது இன்னிங்ஸுக்கு டேட்டா மிஞ்சாது.

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்): எங்கள் வீட்டில் கேபிள். இந்தியா ஆடும் ஒருநாள் போட்டி தூர்தர்ஷனில் வருகிறது என்று சொன்னார்கள், கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் வேறு ஏதோ ஓடுகிறது. மச்சான் வீட்டில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷில் அதே சேனலில் மேட்ச் ஓடுகிறது. கேபிள்காரர் மறைக்கிறாரா?

பதில்: இல்லை, அவர்மேல் தப்பு இல்லை. 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டு என்று அரசு அறிவிப்பவற்றை, உரிமை வாங்கிய தனியார் சேனல் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், அந்த ஒளிபரப்பின் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 75 பங்கு உரிமைக்காரருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள், உலகக் கோப்பையின் அரையிறுதி, இறுதி இதில் வரும். ஐபிஎல் வராது. இந்தப் படத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், தனியார் கேபிளுக்கும் டிடிஹெச்சுக்கும் போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒரே சேனல் பெயரில் இரண்டு வீட்டில் இரண்டு படம்.

இது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். காற்றலை பொதுச்சொத்து என்று 1995-ல் சொன்னதும் இதே உச்ச நீதிமன்றம்தான், அந்த வழக்கும் கிரிக்கெட் ஒளிபரப்பில் வந்ததுதான். மாதம் கேபிளுக்குக் கட்டுகிற ஏழைக் குடும்பத்துக்கு அந்தப் பொதுச்சொத்து எட்டாமல் போகிறது.

இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டம் மட்டும் போதும் என்றால் ஃப்ரீ டிஷ் வாங்கிவிடுங்கள். பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு தடவை செலவு, மாதக் கட்டணம் கிடையாது. நம் ஊரில் டிஷ் தென்கிழக்கே பார்த்து, நன்றாக அண்ணாந்து நிற்க வேண்டும், அந்தப் பக்கம் தென்னை மறைக்காத இடமாகப் பாருங்கள். கடற்கரைக் குப்பத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், மட்டமான ஸ்டாண்டு வாங்கினால் இரண்டு மழைக்காலம் தாங்காது, நட்டுக்குக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். 2011 தானே புயலில் எத்தனை டிஷ் பறந்தது என்று உங்களுக்கே தெரியும், நாலு போல்ட்டும் போட்டு இறுக்கினால்தான் ஆளை விடுங்கள்.

கேள்வி (வில்லியனூர், புதுச்சேரி): தமிழ் வர்ணனையோடு வரும் ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் சேனல் போதும் எனக்கு. கேபிள்காரர் 350 ரூபாய் பேக் எடுத்தால்தான் தருவேன் என்கிறார்.

பதில்: தனி சேனலாகக் கேட்பது உங்கள் உரிமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை அறிவித்திருக்க வேண்டும், கேட்டால் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்தால் அந்தச் சேனலைப் பேக்கில் சேர்க்க முடியாது, அதனால் பெரிய விளையாட்டு சேனல்கள் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கின்றன. 19 ரூபாய் என்றே வைத்தாலும் ஜிஎஸ்டியோடு 22 ரூபாய் 42 காசு. இதோடு அடிப்படை இணைப்புக் கட்டணம் தனி. அது முன்பு 130 ரூபாய் என்று உச்சவரம்போடு இருந்தது, 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது, ஆகவே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெட்டியில் 999-ம் எண் சேனலில் விலை விவரம் ஓட வேண்டும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. "சிஸ்டத்தில் தனிச் சேனல் ஏறாது" என்றார் எங்கள் கேபிள்காரர். சரி, அதை ஒரு தாளில் எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன், சாயங்காலம் சேனல் வந்துவிட்டது. சண்டை போட வேண்டாம், எழுதிக் கேளுங்கள். அப்படியும் தராவிட்டால் அவருக்கு மேலே இருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வழக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): சீசன் முடிந்தும் மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள்.

பதில்: ஆட்டோபே, அதாவது தானாகவே பணம் பிடித்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதி. செயலியை அழித்தால் அது நிற்காது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள், கார்டு என்றால் வங்கிச் செயலியில். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தச் செய்தி வந்திருக்கிறதா என்று பழைய எஸ்எம்எஸ்களைப் புரட்டுங்கள். ரத்து செய்ய வழியே தெரியாதபடி ஒளித்து வைத்திருந்தால், அது 2023-ல் மத்திய அரசு தடுத்த சந்தாப் பொறி. 1915-க்கு அழையுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்): டீக்கடை வைத்திருக்கிறேன். என் சந்தாவைக் கடை டிவியில் போட்டு மேட்ச் காட்டலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. செயலிச் சந்தா சொந்த உபயோகத்துக்கு, வியாபார இடத்தில் காட்டக்கூடாது என்று அதன் நிபந்தனையிலேயே இருக்கும். கேபிள் எடுத்தால் கடைக்கு என்று சொல்லியே இணைப்பு வாங்கி, ரசீதில் கடை முகவரி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, செயலியில் படம் டிவியைவிடச் சில நொடி, சில நேரம் அரை நிமிடம்கூடப் பிந்தி வரும். பக்கத்துக் கடையில் விக்கெட்டுக்குக் கத்தின பிறகுதான் உங்கள் கடையில் பந்து போடுவான், அப்புறம் கூட்டம் அங்கேதான் நிற்கும்.