எலி கேக், சிரங்கு கிரீம், வால்வு மாத்திரை: ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

பூச்சி மருந்துக்கும் மருத்துவமனை மருந்துக்கும் என்ன உறவு என்று பலர் கேட்டிருந்தீர்கள். மருந்தகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். "அது எலி மருந்து" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது சார்?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை, அதுதான் சிக்கல். 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரிடம் போய் நின்றார். லிங்க்கின் குழு அந்தத் தீவனத்திலிருந்து டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் உறவான வார்ஃபரின் 1948இல் எலிக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு. மறு வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். உடல் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை வார்ஃபரின் தடுக்கிறது. எலி அளவு தெரியாமல் நாள்கணக்கில் தின்கிறது, அதற்கு ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்க ஆளில்லை. அப்பாவுக்குச் சில மில்லிகிராம் கொடுத்து, ரத்தம் சோதித்து, கூட்டிக் குறைக்கிறார்கள். உலோக வால்வு என்றால் மாத்திரையை நிறுத்தியதும் அதில் ரத்தக்கட்டி உண்டாகலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்.

அப்போ முருங்கைக்கீரை கூடாதா?

கீரையில் வைட்டமின் கே இருப்பதால் கேட்கிறீர்கள். சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று போகாமல் ஒரே அளவாக இருக்கட்டும். கீரையைவிட எனக்குப் பயம், கடையில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைதான். வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

ஹாஸ்டலில் எல்லோருக்கும் சிரங்கு. பெர்மெத்ரின் கிரீம் விலை அதிகம். உரக்கடை சைபர்மெத்ரினும் அதே வகைதானே, தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்க்கலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம் தம்பி. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் வயலுக்கான புட்டியில் பெட்ரோலியக் கரைப்பான் இருக்கும், செறிவும் கூடுதல். புண்ணான தோலில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சிரங்குக்கான கிரீமில் 5 சதவீதம்தான். கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, அக்குள், இடுப்பு எதையும் விடாமல் இரவில் தடவி, காலையில் குளிக்க வேண்டும்; ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் தடவாவிட்டால் காசு வீண். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். அதற்காகத் தினமும் தடவாதீர்கள். அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், செலவில்லாமல் முடியலாம். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பூனையின் உடலால் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்ற முடியாது, அதன்மேல் படவே கூடாது.

மிளகாய்க்கு எமாமெக்டின் அடிக்கிறோம். ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பங்காளிகள்! இரண்டுக்கும் மூலம் ஜப்பானில், கவானா கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் சதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி எடுத்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா. அதற்காக அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. பூச்சி, புழுக்களின் நரம்பில் இருக்கும் ஒரு குளோரைடு வாயிலை இந்த வகை மருந்து திறந்துவிடுகிறது, அவை செயலற்றுப்போகும். அந்த வாயில் நமக்குக் கிடையாது. அதற்காக மாட்டுக்கான ஊசி மருந்தைக் குடித்துப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. அளவு மீறினால் மூளைக்குள்ளும் போகும்.

மருந்தடிக்கப் போகும் முன் அட்ரோபின் போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே?

இல்லை. அட்ரோபின், பூச்சிமருந்து விஷம் ஏறியவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் மாற்று மருந்து. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள், நரம்புச் சமிக்ஞையை நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமை முடக்குகின்றன. (மறதி நோய்க்குத் தரும் ரிவாஸ்டிக்மினும் இதே என்சைமைத்தான் தொடுகிறது, அளவாக.) எச்சில் வழிவது, வியர்வை, கண்பாவை சுருங்குவது எல்லாம் விஷம் ஏறுவதன் அறிகுறிகள். முன்கூட்டியே அட்ரோபின் போட்டால் அவை மறைந்துவிடும், நீங்களும் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருப்பீர்கள். தசை தளர்ந்து மூச்சு நிற்பதை அட்ரோபின் தடுக்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, காற்றுக்கு எதிரே அடிக்காமல் இருப்பது, இவைதான் பாதுகாப்பு. மயக்கமாக வந்தால் துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குழந்தை எலி கேக்கைக் கடித்துவிட்டது. ஒரு நாள் ஆகியும் நன்றாக விளையாடுகிறாள். விட்டுவிடலாமா?

இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். கேக்கில் பெரும்பாலும் புரோமடியோலோன் இருக்கும். வார்ஃபரின் வழியில் வந்ததுதான், ஆனால் உடலில் வாரக்கணக்கில் தங்கும். ரத்தக்கசிவு தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதனால் விளையாடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதற்கு வைட்டமின் கே மாற்று மருந்து. பேஸ்ட்டாக இருந்தால் இன்னும் மோசம்: மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கு மாற்று மருந்தே இல்லை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையையோ டியூபையோ கையோடு கொண்டுபோங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.